காலுறைக்கு அழகு சேர்க்கும் வழிகள்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு, தங்கச்சியின் புது வெள்ளைச் சொக்ஸில் ஒரு சிவப்புப் பூவைத் தைத்தேன். சொக்ஸை மேசையில் பரப்பி, நூலை இறுக்கி, நெருக்கமாகத் தைத்தேன். காலையில் அவள் அதைக் காலில் மாட்டி இழுத்ததும் நூல் அறுந்தது. கூடவே சொக்ஸிலும் ஓர் இழை அறுந்து, கணுக்கால்வரை ஏணிபோல் பிரிந்தது. தங்கச்சி அழுதாள். "புதுச் சாமானைப் பழுதாக்கிட்டியே மகள்" என்றார் உம்மா.

பிழை எங்கே என்று தேடியபோதுதான் ஒன்று விளங்கியது. நெய்த துணியும் பின்னிய துணியும் ஒன்றல்ல. மருதமுனைக் கைத்தறிச் சாரனில் பாவு நூலும் ஊடை நூலும் நேராக ஓடி ஒன்றையொன்று குறுக்கிடும். அதனால் அது அதிகம் இழுபடாது. காலுறையோ வளையத்துக்குள் வளையமாகக் கோத்த பின்னல். இழுத்தால் விரியும், ஒரு வளையம் அறுந்தால் அடுத்ததும் பிடியிழக்கும். ஆகவே, காலுறை விரியும்போது அதன் அலங்காரமும் சேர்ந்து விரிய வேண்டும். இதை மனத்தில் வைத்து வழிகளைப் பார்ப்போம்.

1. பின்னும்போதே இரு நிறம்
இது மிகப் பழைய வழி. ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை முஸ்லிம்கள் ஆண்ட எகிப்தில் பின்னிய பருத்திக் காலுறைகள் இன்றும் நூதனசாலைகளில் உள்ளன. அவுரி நீலமும் வெள்ளையும் மாறிமாறி வரும் அவற்றில் கூபி எழுத்து வடிவப் பட்டிகளும் உண்டு. நாம் பின்னினால், காலில் அணிவதாகையால் எழுத்தைத் தவிர்த்து இலை, கட்டம், அலை போன்றவற்றை இடலாம். பயன்படாத நிறநூலை உட்புறமாகத் தளர்வாகக் கொண்டுசெல்ல வேண்டும். இறுக்கினால் விரியாது, நீளமாக விட்டால் விரல் மாட்டும்.

2. பின்னலின்மேல் பின்னல்
தடித்த கம்பளிக் காலுறையில் வளையங்கள் தெளிவாகத் தெரியும். மழுங்கிய முனை ஊசியால், அதே தடத்தில் வேறு நிற நூலை ஓட்டலாம். தேய்ந்த இடமும் உறுதியாகும்.

3. சங்கிலித் தையல்
மெல்லிய காலுறைக்கு இதுவே ஏற்றது. தையலே வளையமாக இருப்பதால் ஓரளவு இழுபடும். தேய்த்து மழுமழுப்பாக்கிய சிரட்டையை உள்ளே வைத்து, கால் அளவுக்கு விரித்தபின் தைக்க வேண்டும். ஆரையம்பதி மணல் ஒழுங்கைகளில் நடக்கும் நமக்கு உள்ளங்காலும் குதிகாலும்தான் முதலில் தேயும். அங்கே தைக்காமல் கணுக்காலின் வெளிப்பக்கத்தில் தைப்பது நல்லது.

4. சாயமும் வர்ணமும்
பருத்திக் காலுறையை நூலால் கட்டிச் சாயமிட்டால் வட்டங்கள் கிடைக்கும். நைலோனில் பருத்திச் சாயம் சரியாகப் பிடிக்காது. துணி வர்ணம் பூசுவதானால் முதலில் கழுவி உலர்த்தி, உள்ளே காட்போட் மட்டை வைத்து, விரித்த நிலையில் மெல்லியதாகப் பூசுக. தடிப்பாகப் பூசினால் வெடிக்கும்.

தங்கச்சியின் சொக்ஸை நான் எறியவில்லை. பிரிந்த வளையங்களைத் தைத்துப் பிடித்து, சிரட்டைமேல் விரித்து, அந்த ஏணியின் மேலேயே ஒரு பச்சைக் கொடியைச் சங்கிலித் தையலால் படரவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளன்று அவள் அதைத்தான் அணிந்தாள். மாட்டும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நூல் அறவில்லை.