எழுத்து தடுமாறினாலும் ஆசிரியராக விண்ணப்பிக்கலாம்



எஸ்.பி.எம். முடிவு வந்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க உதவி கேட்டு நம் மன்றத்துக்குச் சிலர் வருவார்கள். அவர்களில் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் தனியாக வந்து, "அண்ணா, இதைச் சொல்லணுமா, மறைக்கணுமா?" என்று கேட்பார்கள். எனக்கும் டிஸ்லெக்சியா உண்டு. தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறேன்.

வியாசரும் விநாயகரும்

மகாபாரதம் எழுதப்பட்ட கதை நமக்குத் தெரியும். வியாசர் சொல்லச் சொல்ல விநாயகர் எழுதினார். நடுவில் நிறுத்தக் கூடாது என்பது விநாயகரின் நிபந்தனை. பொருள் புரிந்த பிறகே எழுத வேண்டும் என்பது வியாசரின் நிபந்தனை. யோசிக்க நேரம் வேண்டிய இடங்களில் வியாசர் கடினமான சுலோகம் ஒன்றைச் சொல்வாராம். அதன் பொருளை விநாயகர் சிந்திக்கும் நேரத்தில் அடுத்ததை அமைத்துக்கொள்வார்.

எழுத ஒருவர் துணை, யோசிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம். இரண்டையும் வியாசர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார். அதனால் அவருடைய அறிவு குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. தேவையானதைத் தேவையான நேரத்தில் கேட்பது நமக்கும் இழுக்கு இல்லை.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

1. மருத்துவச் சான்று. "எனக்குப் படிக்கக் கஷ்டம்" என்று வாயால் சொன்னால் போதாது. அரசாங்க மருத்துவமனையில் முறையாகப் பரிசோதித்து, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

2. ஓ.கே.யூ. அட்டை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிவு செய்யலாம். பதிவில் உள்ள 7 பிரிவுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்லெக்சியா அதில் அடங்கும். பதிவு கட்டாயம் இல்லை. வீட்டில் அப்பா அம்மாவோடு பேசி முடிவெடுங்கள்.

3. தேர்வு ஏற்பாடு. எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். படிவம் நான்கிலேயே ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் நடக்காது.

இரண்டு வழிகள்

எஸ்.பி.எம். முடித்தவர்கள் ஐ.பி.ஜி. எனப்படும் ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். நாடு முழுக்க 27 வளாகங்கள் உள்ளன. ஓராண்டு ஆயத்தப் படிப்பு, பிறகு 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. போட்டி கடுமை. தகுதித் தேர்வு, நேர்முகத் தேர்வு இரண்டையும் தாண்ட வேண்டும். விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அண்ணன் அக்கா சொன்னதை நம்பி இருக்காமல் கல்வி அமைச்சின் அகப்பக்கத்தைப் பாருங்கள்.

அங்கே இடம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடவில்லை. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. தமிழ்மொழிக் கல்வியில் பட்டப்படிப்பும் அங்கே உண்டு.

சொல்வதா, மறைப்பதா?

விண்ணப்பப் பாரத்தில் கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். நாளை பிள்ளைகளுக்கு வாய்மை சொல்லிக் கொடுக்கப் போகிறவர்கள் நாம். அந்த வேலைக்குள் பொய் சொல்லி நுழைய வேண்டாம்.

நேர்முகத் தேர்வில், "எழுத்துப் பிழை வருமே, எப்படிப் பாடம் நடத்துவீங்க?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். ஆசிரியர் வேலையில் எழுத்து நிறைய. தினமும் பாடக் குறிப்பு எழுதணும், கட்டுரை திருத்தணும். கேள்வி நியாயமானது. பதில் மூன்று பகுதியாக இருக்கட்டும்: என் சிரமம் இது, அதற்கு நான் செய்வது இது, எனக்குத் தேவைப்படுவது இது.

நான் செய்வதைச் சொல்கிறேன். வெண்பலகையில் எழுதப்போகும் சொற்களை முதல் நாள் இரவே அட்டையில் எழுதிச் சரிபார்ப்பேன். பாடக் குறிப்பைக் கணினியை வாசிக்க வைத்துக் காதால் கேட்பேன். பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தைச் சக ஆசிரியர் ஒருமுறை பார்ப்பார். இப்படி நடைமுறையில் உள்ளதைச் சொன்னால் கேட்பவருக்கு நம்பிக்கை வரும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ல, ள, ழ மூன்றும் பேச்சில் பல பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிதான். முதலாம் ஆண்டுப் பிள்ளை எங்கே திணறும் என்று உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். "ஏன் இவனுக்கு ஏறவே மாட்டேங்குது?" என்று மற்றவர்கள் சலிக்கும் இடத்தில் நீங்கள் வேறு வழி தேடுவீர்கள். நம் மன்றத்தின் தேவார வகுப்பிலோ டியூஷனிலோ ஒரு பிள்ளைக்காவது அப்படிக் கற்றுக் கொடுத்துப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் பேச அதைவிட நல்ல சான்று இல்லை.

வாரக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. வியாசர் கேட்ட உதவிக்கும் தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்கும் என்ன ஒற்றுமை?

2. உங்கள் சிரமம், அதற்கு நீங்கள் செய்வது, உங்களுக்குத் தேவைப்படுவது: மூன்றையும் மூன்று வாக்கியத்தில் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள்.

3. நம் வகுப்பில் வாசிக்கத் தயங்கும் பிள்ளை யார்? இந்த வாரம் அவருக்காக என்ன செய்யலாம்?