சட்டியில் இருந்தது, வழிதான் இல்லை

கல்யாணமாகி மூன்று வருடம். அதில் இரண்டு வருடம் என் மனைவி சஷ்டி விரதம் இருந்தாள். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்று ஒரு சீர் வீட்டில் என் அத்தை நாலு பேர் நடுவே சொன்னதும் அவளைப் பார்த்துத்தான். அதற்குள் அவளுக்கு ஹார்மோன் டெஸ்ட், ஸ்கேன், கருக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் முடிந்திருந்தன. அந்த எக்ஸ்ரே அன்று வலியில் துவண்டுபோய் ஸ்கூட்டரின் பின்னால் சாய்ந்தபடியே வந்தாள். எல்லாம் நார்மல். என் கையில் யாரும் ஒரு டப்பாவைக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஊசியோ வலியோ இல்லாத ஒரே டெஸ்ட் என்னுடையது; அதைத்தான் கடைசியாகச் செய்தோம்.

ஈரோட்டில் ஒரு லேப். தாழ்ப்பாள் சரியாக விழாத குளியலறை, ஒரு பக்கெட், போன வருடக் காலண்டர். இருபதாவது நிமிடம் வெளியிலிருந்து ஒரு குரல்: "சார், ஆச்சுங்களா?" ரிப்போர்ட்டில் அளவு சரி, நிறம் சரி, விந்தணு எண்ணிக்கை என்ற இடத்தில் மட்டும் 'நில்'.

லேப்காரர் தப்பு செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லையே! பிறகுதான் புரிந்தது. வெளியேறும் திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரப்பது. விந்தகத்திலிருந்து வருவது அதில் சொற்பம். அது அடைபட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். சில வாரம் விட்டு இன்னொரு முறை கொடுங்கள். சாம்பிளைச் சுழற்றி அடியில் படிவதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் போன மருத்துவமனையில் 'கவுண்ட் ஏற' ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நானும் முருங்கைக்கீரையோடு சேர்த்து விழுங்கினேன். என்னைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. அந்த ஆறு மாதம்தான் இன்றும் எனக்கு ஆத்திரம்.

அடுத்துப் பார்த்தது ஆண்களின் குழந்தையின்மையை மட்டும் கவனிக்கும் யூராலஜிஸ்ட். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னார். "சின்ன வயசுல ஆபரேஷன் ஏதாவது?" இல்லை என்றேன். இடுப்பு மடிப்பில் இரண்டு பக்கமும் மங்கலாக இருந்த கோடுகளைத் தொட்டு, "அப்ப இது என்ன?" என்றார். அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஆமா கண்ணு, மூணு வயசுல குடலிறக்கம்னு ரெண்டு பக்கமும் அறுத்தாங்க. உனக்கெங்க ஞாபகம் இருக்கும்?"

குழந்தையின் விந்துக்குழாய் நூல் மாதிரி இருக்கும். குடலிறக்க அறுவையில் அது சேதமாவது எப்போதாவது நடக்கக்கூடியதுதான். எனக்கு இரண்டு பக்கமும் போயிருந்தது.

'நில்' என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, உற்பத்தியே மிகக் குறைவு. மற்றொன்று, உற்பத்தி உண்டு, வழி அடைப்பு. விந்தகத்தின் பருமனும் எஃப்எஸ்எச் ஹார்மோன் அளவும் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இரண்டும் நார்மல். அத்தைக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

குழாயை ஒட்ட முடியாதா என்று கேட்டேன். இந்த இடத்தில் கடினம், அப்படியே ஒட்டினாலும் அணுக்கள் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். மனைவிக்கு அப்போது 34. ஊசி என்று முடிவு செய்தோம். விந்தகத்தின் மேல் சுருண்டிருக்கும் எபிடிடைமிஸில் ஊசி போட்டு எடுப்பது பீசா. விந்தகத்திலிருந்தே எடுப்பது டீசா. எனக்கு முதலாவதில் சரியாக வரவில்லை, இரண்டாவதில் கிடைத்தது. மரத்துப்போக ஊசி போட்டார்கள். குத்தல் தெரியவில்லை, அடிவயிறு வரைக்கும் யாரோ உள்ளிருந்து இழுப்பது மாதிரி இருந்தது. சிரிஞ்சைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். கதவு திறந்தே இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்த அந்தப் பெண் நிமிராமலே சொன்னார்: "இருக்கு டாக்டர், அசையுது." மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மனைவிக்குக் கருமுட்டை ஊசிகள் தொடங்குவதற்கு முன்பே இதை முடித்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்துவிட்டோம். உங்கள் மருத்துவரிடமும் கேட்டுப் பாருங்கள். மனைவி பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுக்கொண்டு, கடைசி நாளில் உங்களிடம் ஒன்றும் இல்லை என்றால் அது கொடுமை. இப்படி எடுப்பவை தாமாக நீந்திப்போய்ச் சேராது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒன்றைச் செலுத்தும் இக்ஸிதான் வழி. 1992-இல் பிரஸ்ஸல்ஸில் அந்த முறை பலித்திருக்காவிட்டால் என் போன்றவர்களுக்குக் கதவே இல்லை.

காத்திருப்புக் கூடத்தில் பழக்கமான இன்னொருவருக்கு உற்பத்தியே குறைவு. அவருக்கு ஊசி போதாது, மைக்ரோ டீசி என்றார்கள். 1990-களின் இறுதியில் நியூயார்க்கில் பீட்டர் ஷ்லெகல் கொண்டுவந்த முறை. விந்தகத்தைத் திறந்து, இருபது மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே தேடுவது. ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும். கத்தி வைக்கும் முன் ஒய் குரோமோசோம் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். சில வகைக் குறைகள் இருந்தால் தேடுவதே வீண், பணமும் வீண். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஊசியே உற்பத்தியை நிறுத்திவிடும். விட்டால் பலருக்கு மாதக்கணக்கில் திரும்புகிறது.

வீட்டுக்கு வந்ததும் துணி சுற்றிய ஐஸ். ஒரு வாரம் இறுக்கமான ஜட்டி, பளு தூக்கக் கூடாது, பைக் வேண்டாம். "உங்க தாத்தா கோவணம் எதுக்குக் கட்டினாருன்னு இப்பப் புரியுதா?" என்று அப்பா சிரித்தார். நான் எதிர்பார்த்ததைவிட அவர் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். வீக்கம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் காத்திருக்காமல் ஓடுங்கள்.

முதல் முறை கரு ஒட்டவில்லை. இரண்டாம் முறை ஒட்டியது. மகளுக்கு இப்போது இரண்டு வயது.

போன மாதம் என் அண்ணன் மகனுக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. நான்கு வயதுப் பையன். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிக்கொண்டு போய் லேமினேட் செய்து அண்ணியிடம் கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழோடு வைத்திருக்கிறார்கள்.