பழைய லேப்டாப் ஆன் ஆகலையா? கடைக்குத் தூக்கறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

"ஆன் ஆகல அக்கா"ன்னு மொட்டையா சொன்னா அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பட்டனை அழுத்தினா ஒரு லைட்டும் எரியலையா? லைட் எரிஞ்சு, ஃபேன் சுத்தி, ஸ்கிரீன் மட்டும் கறுப்பா நிக்குதா? இல்ல, கம்பெனி லோகோ வரைக்கும் வந்துட்டு அதுக்கு மேல நகர மாட்டேங்குதா? மூணும் வேற வேற கோளாறு, செலவும் வேற வேற. இதைக்கூடப் பாக்காம கடைக்குப் போய் நின்னா, "மதர்போர்டு போயிருக்கும்மா"ங்கற பதில்தான் வரும். எதுவரைக்கும் வந்து நிக்குதுன்னு தெளிவா சொல்றவகிட்ட கடைக்காரர் பேச்சே மாறிடும்.

உன்னோடது பிளஸ் டூல கவர்மென்ட் குடுத்த லேப்டாப். 2011-ல அந்தத் திட்டம் ஆரம்பிச்சதுல இருந்து எத்தனையோ வீட்டுப் பரண்ல அந்த மாதிரி ஒண்ணு கிடக்கு. இன்னைக்கு வித்தா ஒண்ணும் தேறாது. ஆனா உள்ள உன் காலேஜ் புராஜெக்ட் இருக்கு, தாத்தாவோட சதாபிஷேக போட்டோ இருக்கு. அதனால மெஷின் போனா போகட்டும், ஹார்ட் டிஸ்க்ல இருக்கறது போகக் கூடாது. யாராவது "ஃபார்மட் பண்ணிப் பாப்போம்"னு ஆரம்பிச்சா உடனே வாங்கிட்டு வந்துடு.

தொடறதுக்கு முன்னாடி கவுத்துப் போட்டு பேட்டரியைப் பாரு. அடிப்பக்கம் புடைச்சிருக்கா, மேல டச்பேட் தூக்கிட்டு நிக்குதா? அப்படின்னா சார்ஜே போடாதே. வீங்கின லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அமுக்கறது, நெம்பறது, ஊசியால குத்திக் காத்து எடுக்கறது எதுவும் வேண்டாம். தனியாக் கழர்ற பேட்டரியா இருந்து சுலபமா வந்தா எடுத்து வெளியில வை, இல்லேன்னா அப்படியே கடையில குடு.

பேட்டரி நல்லா இருக்கு, ஆனா லைட்டே எரியலைன்னா, முதல் சந்தேகம் அடாப்டர் மேலதான். பிளக் பாயின்ட்ல போன் சார்ஜர் சொருகி கரன்ட் வருதான்னு பாரு. சுவத்துல இருந்து அடாப்டருக்கு வர்ற பவர் கார்டை மாத்திப் பாரு. அது உள்ளுக்குள்ளயே அறுந்திருக்கும், வெளியில தெரியாது. அடாப்டர்ல குட்டி லைட் இருந்தா நல்ல காலம். சுவத்துல சொருகினதும் எரிஞ்சு, பின்னை லேப்டாப்புல சொருகின நிமிஷம் அணைஞ்சு போனா, பெரும்பாலும் லேப்டாப் உள்ள ஷார்ட் இருக்கு. உடனே உருவிடு. அதுக்கு மேல வீட்டுல நோண்டற வேலை இல்ல.

லைட் இல்லாத அடாப்டர்னா மல்டிமீட்டர் வேணும். எலக்ட்ரீஷியன் வேலை பாக்கற யார் வீட்டுலயும் இருக்கும், கேட்டு வாங்கு. டிசி வோல்ட்ல 200-ங்கற இடத்துல திருப்பி வை. 20-ல வைக்காதே, 20 வோல்ட் அடாப்டரா இருந்தா சின்ன மீட்டர்ல ரீடிங் காட்டாது. உருண்டைப் பின்னா, சிவப்பு முனை பின்னோட உள்பக்கச் சுவர்ல, கறுப்பு முனை வெளிப்பக்கம். நடுவுல ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கற டெல், எச்பி பின்கள்ல அந்தக் கம்பி அடாப்டரை அடையாளம் சொல்றதுக்கு மட்டும்தான், அதுல அளக்காதே. ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு உரசாமப் பாத்துக்கோ. அடாப்டர் ஸ்டிக்கர்ல அவுட்புட்னு போட்டிருக்கற வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே வரணும். 19-னு போட்டு 12 காட்டினா அடாப்டர் அவுட்.

புதுசு வாங்கினாலும் இரவல் வாங்கினாலும் அந்த ஸ்டிக்கரைத்தான் பாக்கணும். வோல்ட் ஒத்துப் போகணும், ஆம்பியர் அதே அளவோ அதிகமாவோ இருக்கலாம், குறையக் கூடாது. 19 வோல்ட், 3.42 ஆம்பியர்னா பெருக்கிப் பாரு, 65 வாட். அதுக்குப் பதிலா 90 வாட் போட்டா ஒண்ணும் ஆகாது, மெஷின் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். 40 வாட் போட்டா திணறும். "பின் சரியா நுழையுது"ன்னு மட்டும் பாத்து வாங்கறதுதான் தப்பு.

அடாப்டர் சரி, பின்னை ஆட்டினா மட்டும் லைட் விட்டு விட்டு எரியுதுன்னா டிசி ஜாக் லூஸ். சின்ன வேலை. மதர்போர்டையே மாத்தணும்னு யாராவது சொன்னா வேற கடை பாரு.

இனி, பணம் செலவே இல்லாத ஒரு வைத்தியம். அடாப்டரை உருவு, பேட்டரியைக் கழட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் விடாம அழுத்திப் பிடி. உள்ள தேங்கியிருக்கற மிச்ச சார்ஜ் இறங்கிடும். அப்புறம் பேட்டரி இல்லாமயே அடாப்டரை மட்டும் சொருகி ஆன் பண்ணு. கேக்கறதுக்கு சும்மா சொல்ற மாதிரி இருக்கும், ஆனா செத்துப் போச்சுன்னு ஒதுக்கின மெஷின் இதுலயே எழுந்துக்கறது சகஜம். எழுந்துடுச்சுன்னா குத்தம் பேட்டரி மேல இருக்கலாம், பேட்டரி இல்லாமயே ஓட்டு. சில லெனோவோ மாடல்கள்ல பக்கவாட்டுல நோவோன்னு ஒரு சின்னப் பட்டனோ குண்டூசி ஓட்டையோ இருக்கும். அது இதுக்கு இல்ல, பயாஸ் மெனு திறக்கறதுக்கு. ஞாபகம் வச்சுக்கோ, பின்னாடி உதவும்.

இப்ப ரெண்டாவது கேஸ்: லைட் எரியுது, ஸ்கிரீன் கறுப்பு. கேப்ஸ் லாக்கை அழுத்து. அதோட லைட் மாறி மாறி எரிஞ்சு அணையுதுன்னா மெஷின் உள்ள உயிரோட இருக்கு, படம்தான் வரல. ரூமை இருட்டாக்கி போன் டார்ச்சை ஸ்கிரீன் மேல சாய்ச்சு அடி. மங்கலா எழுத்தோ லோகோவோ தெரிஞ்சா பேக்லைட் போயிருக்கு. டிவியிலயோ மானிட்டர்லயோ விஜிஏ, எச்டிஎம்ஐ எது ஒத்துவருமோ அந்தக் கேபிளைச் சொருகிப் பாரு. அங்க படம் வந்தா கவலையை விடு, டிவியை ஸ்கிரீனா வச்சுக்கிட்டே ஃபைல் எல்லாத்தையும் எடுத்துடலாம்.

கேப்ஸ் லாக்கே மாறலை, இல்லேன்னா பீப் பீப்னு அடிக்குது, லைட் தானா விட்டு விட்டு மின்னுது. எத்தனை தடவைன்னு எண்ணிக் குறிச்சுக்கோ, போன்ல வீடியோவே எடுத்துடு. அது சும்மா இல்ல, எந்தப் பார்ட்டுன்னு சொல்ற கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாடல் நம்பரோட சேர்த்துத் தேடினா அர்த்தம் கிடைக்கும். இதுல அதிகமா மாட்டறது ரேம். அதை நீயே பாக்கலாம், பயப்படாதே.

அடாப்டர், பேட்டரி ரெண்டும் வெளியில. கையால முதல்ல இரும்பு பீரோவையோ ஜன்னல் கம்பியையோ தொட்டுடு, உடம்புல இருக்கற ஸ்டாட்டிக் போகட்டும். பட்டுப்புடவை, கம்பளி போர்வை மேல வச்சு இந்த வேலை வேண்டாம். ஒரு பேப்பர்ல லேப்டாப்போட அடிப்பக்கத்தைப் படம் போட்டு, எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சோ அந்த இடத்துலயே செலோடேப் போட்டு ஒட்டிக்கோ. நீளமும் குட்டையும் கலந்து இருக்கும். குட்டை இருந்த இடத்துல நீளத்தைத் திருகினா மேல கீபோர்டையே குத்திடும். பழைய மாடல்ல ரேமுக்குன்னே தனியா ஒரு சின்ன மூடி இருக்கும், அதை மட்டும் கழட்டினா போதும். ரெண்டு பக்கமும் இருக்கற கிளிப்பை வெளிப்பக்கமா விலக்கினா ரேம் தானா சாஞ்சு மேல எழும்பும். ஓரத்தைப் பிடிச்சு உருவு. கீழ் விளிம்புல தங்கக் கலர்ல பல் பல்லா இருக்கே, அது கறுத்திருக்கும். ஸ்கூல் புள்ளைங்க வச்சிருக்கற வெள்ளை ரப்பரால ரெண்டு பக்கமும் மெதுவாத் தேய், தூளைப் பிரஷ்ஷால தட்டிவிடு, வாயால ஊதாதே. திரும்பப் போடும்போது சாய்ச்சு உள்ள முழுசாத் தள்ளி, அப்புறம் கீழ அமுக்கு. ரெண்டு கிளிப்பும் டக்குனு பிடிக்கணும். ரெண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணாப் போட்டு, ஸ்லாட்டையும் மாத்திப் பாரு. எதைப் போட்டா நிக்குதோ அதுதான் வில்லன். ரேமை மாத்தினதும் முதல் தடவை ஸ்கிரீன் வர ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஆகலாம், அவசரப்பட்டு ஆஃப் பண்ணிடாதே.

ஆன் ஆகுது, ஆனா தேதி, நேரம் எல்லாம் பல வருஷம் பின்னாடி காட்டி நிக்குதுன்னா உள்ள இருக்கற காசு பேட்டரி தீர்ந்திருக்கு. நிறைய மாடல்ல சிஆர்2032, 3 வோல்ட்; கடிகாரக் கடையிலயே கிடைக்கும். சிலதுல ஒயரோட வரும், அதைக் கடையில கேட்டுத்தான் வாங்கணும்.

லோகோ வரைக்கும் வந்துட்டு "நோ பூட்டபிள் டிவைஸ்"னு நின்னா முதல்ல காது குடு. ஹார்ட் டிஸ்க் பக்கத்துல இருந்து டிக் டிக்னு சத்தம் விட்டு விட்டு வருதா? ஆஃப் பண்ணு. மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பாக்கற ஒவ்வொரு தடவையும் போட்டோ கொஞ்சம் கொஞ்சமா அழியலாம். டேட்டா ரெக்கவரி தெரிஞ்சவங்ககிட்டத்தான் போகணும். சத்தம் இல்லேன்னா பயாஸுக்குள்ள போ: ஆன் பண்ணினதும் டெல், ஏசர்ல எஃப்2-வைத் தட்டு, எச்பியில எஃப்10, லெனோவோல அந்த நோவோ பட்டன். அங்க டிஸ்க் பேர் தெரியுதான்னு பாரு. தெரியலைன்னா அதைக் கழட்டி மறுபடி சரியா மாட்டு. தெரிஞ்சா விண்டோஸ்தான் மக்கர் பண்ணுது.

இங்கதான் பலரும் ஃபார்மட்டுக்கு ஓடறாங்க. ஓடாதே. கவர்மென்ட் மெஷின் பலதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டிருந்தாங்க. ஆன் பண்ணும்போது வர்ற மெனுவுல அது இருந்தா அதுக்குள்ள போய்ப் பென்டிரைவ்ல காப்பி எடு. இல்லேன்னா தம்பியோட கம்ப்யூட்டர்ல ரூஃபஸ் மாதிரி ஒரு சாஃப்ட்வேரை வச்சு லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவ்ல ஏத்தி, அதுல இருந்து பூட் பண்ணு. பென்டிரைவ்ல ஏற்கெனவே இருக்கறது அழிஞ்சிடும், காலிப் பென்டிரைவா எடு. இன்ஸ்டால் பட்டனைத் தொடாம உள்ள போனாலே உன் ஃபோல்டர் எல்லாம் தெரியும். இதுவும் முடியலைன்னா 2.5 இன்ச் டிஸ்க்கைக் கழட்டி யுஎஸ்பி கேசிங்ல போடு, எந்தக் கம்ப்யூட்டர்லயும் பென்டிரைவ் மாதிரி திறக்கும். விண்டோஸ் ரிப்பேர் அதுக்கப்புறம் நிதானமா.

கடைக்குப் போறதே வழின்னா, போறதுக்கு முன்னாடி டிஸ்க்கைக் கழட்டி வீட்டுலயே வச்சுக்கோ. படம் வருதா, வரலையான்னு பாக்க டிஸ்க் வேண்டாம். ரேமோட ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கோ. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல வரிசையா சிப் லெவல் கடைங்க இருக்கு, ரெண்டு கடையில விலை கேக்காம குடுக்காதே. செக்கிங் சார்ஜ் எவ்வளவு, சரியாகலைன்னா எவ்வளவுன்னு முதல்லயே கேளு. சிப்பைச் சூடு பண்ணி ஓட வச்சுத் தர்றேன்னு சொன்னா வேண்டாம்னுடு. ஓடும், ஆனா கொஞ்ச நாள்ல படுத்துடும்.

சரியாயிடுச்சுன்னா, அது எவ்வளவு நாள் ஓடும்னு யாரும் சொல்ல முடியாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட மைக்ரோசாஃப்ட் கை கழுவிடுச்சு. அதனால பேங்க் வேலையை அதுல பண்ணாதே. 4 ஜிபி ரேமும் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் போட்டு லினக்ஸ் ஏத்தினா அம்மாவுக்குப் பழைய பாட்டு கேக்க, குட்டிக்கு டைப்பிங் பழக நல்லா போதும். ஆனா அதெல்லாம் அப்புறம். எழுந்ததும் முதல் வேலை, எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகி போட்டோ ஃபோல்டரை இழுத்துப் போடறது. காப்பி முடியற வரைக்கும் மெஷினைக் கட்டில் மேல வைக்காதே, மெத்தை ஃபேன் ஓட்டையை அடைச்சிடும். யூடியூப்பும் போடாதே.