பெருநாளில் வெளிநாட்டுப் பயணமா?

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களிலிருந்து நம் முன்னோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடல் கடந்து வாணிபம் செய்யப் போனார்கள். பெருநாளை ஊரில் கொண்டாட மாட்டோமா என்று அங்கிருந்து ஏங்கினார்கள். இன்றோ, ஊரில் இருப்பவர்களே பெருநாள் விடுமுறைக்கு மனைவி மக்களுடன் துபாய், கோலாலம்பூர் என்று புறப்பட்டு விடுகிறார்கள். இது ஆகுமா? மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பயணம் செய்வது தடுக்கப்பட்டதன்று. பூமியில் சுற்றி வந்து தன் படைப்பின் தொடக்கத்தைப் பார்க்குமாறு அல்லாஹு தஆலா அன்கபூத் சூராவின் 20ஆம் ஆயத்தில் ஏவுகிறான். பெருநாளில் அபிஸீனியர் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களே காட்டினார்கள். ஆகவே, கடன்படாமல், தொழுகை தவறாமல், ஹலாலான உணவு உண்டு, குடும்பத்தோடு மகிழ்வது ஆகுமானதே. ஆனால் போகிறவர்கள் சில மஸ்அலாக்களை அறிந்திருப்பது அவசியம்.

தொழுகை: நீண்ட பயணத்தில் ஊர் எல்லையைத் தாண்டிய முஸாபிர் ளுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாம்; ஹனஃபி மத்ஹபில் சுருக்கியே தொழ வேண்டும். ஸுபுஹிலும் மஃரிபிலும் சுருக்கமில்லை. சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓரிடத்தில் 4 நாட்கள் தங்க நிய்யத்து வைத்தவர் ஷாஃபிஈ மத்ஹபில் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபியில் அந்த வரம்பு 15 நாட்கள்.

நோன்பு: வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முன்னதாகவே பிறை கணக்கிடப்படுகிறது. இங்கே நோன்பைத் தொடங்கி அங்கே போனவர், அவ்வூராரோடுதான் பெருநாள் கொண்டாட வேண்டும். அவருக்கு 28 நோன்புகளே ஆகியிருந்தால், பிறகு ஒன்றைக் களாச் செய்ய வேண்டும்.

ஃபித்ரா: ரமளானின் கடைசி நாள் சூரியன் மறையும்போது ஒருவர் எங்கே இருக்கிறாரோ, அவருடைய ஃபித்ரா அந்த ஊர் ஏழைகளுக்கு உரியது என்பது ஷாஃபிஈ மத்ஹபு. நாம் ஊரில் இல்லாவிட்டால், நம் தெருவிலுள்ள ஏழை அதை இழக்கிறார்.

குர்பானி: ஹனஃபியில் வசதியுள்ளவர் ஊரில் தங்கியிருந்தால் குர்பானி வாஜிபு, முஸாபிர் மீது வாஜிபில்லை. ஷாஃபிஈயில் முஸாபிருக்கும் அது ஸுன்னத்து. ஊரில் ஒருவரை வகீலாக்கி அறுக்கச் செய்தால் உறவினரும் அயலாரும் பங்கு பெறுவர்.

இவையெல்லாம் சட்டம். சட்டம் அனுமதித்த பின்னும் ஒரு கேள்வி நிற்கிறது. வீட்டில் வயதான வாப்பாவும் உம்மாவும் இருக்கிறார்களே, அவர்கள் நிலை என்ன? பெருநாள் தொழுகை முடிந்து எல்லா வீட்டிலும் பிள்ளைகள் ஸலாம் சொல்லி, கைகளை முத்தமிட்டு, பெருநாள் காசு வாங்கும் நேரத்தில், அந்த வீட்டுத் திண்ணையில் மட்டும் இரண்டு பேர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேரப் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்த புதிய நோட்டுகள் பெட்டியிலேயே கிடக்கும்.

பெற்றோரை அழ விட்டுவிட்டு, ஹிஜ்ரத்துக்காகப் பைஅத் செய்ய வந்தார் ஒருவர். திரும்பிப் போய், அழ வைத்தது போலவே அவர்களைச் சிரிக்க வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அனுப்பிவிட்டார்கள். இது அபூதாவூதில் வருகிறது. ஹிஜ்ரத்து எத்தனை பெரிய அமல்! அதற்கே அப்படியென்றால், உல்லாசப் பயணத்துக்கு என்ன சொல்வது?

எனவே நாம் கூறுவது இதுதான். பள்ளிக்கூட விடுமுறை ஆண்டில் பல முறை வருகிறது. பெருநாள் இரண்டு முறைதான் வருகிறது. பயணத்தை மற்ற விடுமுறைக்கு வையுங்கள். அது இயலாவிட்டால் பெருநாளை ஊரில் கழித்து, பெற்றோரின் துஆவைப் பெற்றுக்கொண்டு மறுநாள் புறப்படுங்கள். அவர்களுக்கு உடல் தெம்பு இருந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் ஆகாவிட்டால், பெருநாளன்று அவர்களுடன் இருக்க உடன்பிறந்தாரில் ஒருவரையாவது ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். தொலைபேசியில் சொல்லும் ஸலாமும் நல்லதே. ஆனால் அந்த முதிய கை நம் தலையில் படாது.

ஊர்களைப் பிறகும் பார்க்கலாம். வாப்பாவும் உம்மாவும் அடுத்த பெருநாளுக்கு இருப்பார்களா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

நம் பெற்றோரின் பொருத்தத்தைப் பெற்ற மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.