ஒரு மாதத்தில் 10 கிலோ: கணக்கு இடிக்கிறது

‘ஒரே மாதத்தில் 10 கிலோ குறையும்’ என்று யாராவது பொடியோ பானமோ விற்க வந்தால், வாங்குமுன் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். 10 கிலோவுக்கு, தினமும் 2,500 கலோரிக்கு மேல் துண்டு விழ வேண்டும். முழுப் பட்டினி கிடந்தாலும் பலருக்கு அவ்வளவு வராது. அப்படியும் தராசு இறங்கினால், போனதில் பெரும்பங்கு தண்ணீரும் தசையும்தான். பழையபடி சாப்பிட்டதும் தண்ணீர் திரும்பிவிடும். தசை அவ்வளவு சுலபத்தில் திரும்பாது.

எடை ஏன் ஏறுகிறது? தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலிலோ அலுவலக வேனிலோ போய்வருபவர்களின் நாளைப் பாருங்கள். காலையில் அவசரமாக இரண்டு இட்லி, பகலெல்லாம் நாற்காலி, வீடு திரும்ப இரவு எட்டரை. நாளின் பெரிய சாப்பாடு அதற்குப் பிறகுதான். தட்டில் இருப்பதும் பெரும்பாலும் மாவுச்சத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ஆராய்ச்சி மையமும் நடத்தி 2025இல் வெளியான ஆய்வின்படி, நாம் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. தைராய்டு சுரப்புக் குறைவு, சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்), ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் எடையைக் கூட்டும். திடீரென ஏறியிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தராசைவிட இஞ்சி டேப் நம்பகமானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளவு பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் கவனம் தேவை. “எனக்கு இன்னமும் 34 பேன்ட்தான்” என்பவர்கள் பெரும்பாலும் பேன்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுபவர்கள். அது கணக்கில் சேராது. உடல் நிறைக் குறியெண் (பிஎம்ஐ) நமக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடற்பருமன். பின்கழுத்தில் கருமை படர்வதும் குறட்டை அதிகரிப்பதும் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது என்பதற்கான அறிகுறிகள்.

மாற்றத்தை எண்ணெயில் தொடங்குங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், தலைக்குத் தினமும் சுமார் 38 கிராம். அதுவே 340 கலோரி. மூன்று லிட்டரில் நிறுத்தினால் ஆளுக்கு 130 கலோரிக்கு மேல் மிச்சம். பசி ஒன்றும் கூடாது. அடுத்தது தட்டு. பாதி காய்கறி, கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன். சோற்றை அறவே விடச் சொல்லவில்லை. இரண்டாம் முறை போட்டுக்கொள்ளாமல் இருந்தால் போதும். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று, வயிறு நிறையச் சாப்பிட்டபின் கொள்ளுக் கஞ்சியும் குடிப்பவர்கள் உண்டு. சோற்றுக்குப் பதிலாகக் கொள்ளு என்றால் நல்லது. சோற்றோடு சேர்த்து என்றால் அதுவும் கூடுதல் கலோரிதான்.

உடற்பயிற்சியிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 130 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை விழுங்கிவிடும். ஆனாலும் குறைந்த எடை மறுபடி ஏறாமல் காப்பதும், தசையையும் சர்க்கரை அளவையும் பேணுவதும் பயிற்சிதான். வாரத்துக்கு 150 நிமிட நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடைபாதை இருக்கிறது. ஐப்பசி மழையில் முடிச்சூர்ப் பக்கம் தெருவில் இறங்கவே முடியாதபோது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். வாரம் அரை கிலோ குறைந்தால் போதுமான வேகம்.

வெங்காரம் (போராக்ஸ்) கொழுப்பைக் கரைக்கும் என்ற காணொலிகளை நம்பாதீர்கள், அது நஞ்சு. தைராய்டு நலமாக இருப்பவர் எடைக்காகத் தைராய்டு மாத்திரையைப் போட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாமாக உணவைக் குறைத்தால் தாழ் சர்க்கரை வரலாம். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் பம்மலில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வந்த இளைஞர் ஒருவர் இறந்தார். அதற்காக அந்தச் சிகிச்சையே கூடாது என்று பயப்பட வேண்டாம். சிலருக்கு அது தேவை. தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, மயக்க மருத்துவர் உங்களை முன்னதாகப் பரிசோதித்தாரா என்று கேட்டபின் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கை. டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியது காசநோயாளிகளுக்காக. அங்கே எடை ஏறுவதுதான் நல்ல செய்தி. நீங்கள் எதுவும் செய்யாமலே ஆறு மாதத்தில் எடை 5 சதவீதம் இறங்கியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரை, தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனையும் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.