ஒரு மைலுக்கு மூணு வீடு

பவர் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ட்ரான்ஸ்மிஷன் லைன், ஃபால்ட், ஸ்டெபிலிட்டி எல்லாம் படிக்கிறோம். ஆனா ஒரு கேள்வி எந்த யூனிட்லயும் வராது. லைன் போட்டா போட்ட காசு திரும்பி வராதுன்னு தெரிஞ்ச இடத்துக்கு யார் லைன் போடுவாங்க? அமெரிக்க விவசாயிகள் 1930கள்ல இதுக்குக் கொடுத்த பதில்தான் மின்சாரக் கூட்டுறவுச் சங்கம். அங்கே இன்னைக்கும் சுமார் 900 சங்கங்கள் ஓடுது. நாட்டோட பரப்பளவுல பாதிக்கு மேல அவங்க லைன்தான்.

1935ல அமெரிக்க நகரங்கள்ல மின்சாரம் சர்வ சாதாரணம். பண்ணை வீடுகள்லயோ பத்துல ஒண்ணுக்குத்தான் இருந்துச்சு. தொழில்நுட்பம் இல்லாம இல்ல, கணக்கு ஒத்து வரல, அவ்வளவுதான். கிராமத்துல ஒரு மைல் லைன் இழுக்க 1,500லேர்ந்து 2,000 டாலர் ஆகும்னு தனியார் கம்பெனிகள் சொன்னாங்க. ஒரு மைலுக்கு மூணு பண்ணை இருந்தாலே பெரிய விஷயம். 1,500 டாலரை 6 சதவீத வட்டியில 20 வருஷத்துல அடைக்கணும்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு சுமார் 131 டாலர் வரும். மூணு வீட்டுக்குப் பிரிச்சா, ஒரு பல்பு கூட போடாம லைனுக்கு மட்டும் மாசம் மூணரை டாலருக்கு மேல. மந்த காலத்துல ஒரு விவசாயிக்கு அது பெரிய தொகை.

1935 மே மாசம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை உருவாக்கினார். அடுத்த வருஷம் அதுக்குத் தனிச் சட்டமே வந்துச்சு. 25 வருஷம் வரைக்கும் குறைஞ்ச வட்டியில கடன் தரலாம்னு அந்தச் சட்டம் சொல்லுது. தனியார் கம்பெனிகளே இந்தக் கடனை வாங்கி லைன் போடுவாங்கன்னுதான் முதல்ல எதிர்பார்த்தாங்க. அவங்க பெருசா ஆர்வம் காட்டல. விவசாயிகள்தான் கும்பலா வந்து, "நாங்களே சங்கம் ஆரம்பிக்கிறோம், கடனை எங்களுக்குக் குடுங்க"ன்னு நின்னாங்க. உறுப்பினர் கட்டணம் பெரும்பாலும் 5 டாலர்.

வட்டி குறைஞ்சது பாதிக் கதைதான். மீதிக் கதை டிசைன்ல இருக்கு. தனியார் கம்பெனிகள் நகரத்துல போடுற அதே கனமான லைனை கிராமத்துக்கும் மதிப்பீடு பண்ணியிருந்தாங்க. புது நிர்வாகத்தோட இன்ஜினியர்கள் அதைக் கழிச்சுக் கட்டினாங்க. சிங்கிள் ஃபேஸ் போதும். கிராஸ் ஆர்ம் வேணாம், கம்பத்து உச்சியில ஒரு இன்சுலேட்டர், அதுல ஒரு ஃபேஸ் கம்பி, கொஞ்சம் கீழே நியூட்ரல். இழுவிசை தாங்குற ஏ.சி.எஸ்.ஆர். கம்பி போட்டதால கம்பங்களைத் தள்ளித் தள்ளி நடலாம். ஒரு மைலுக்கு 5,280 அடி. 150 அடிக்கு ஒரு கம்பம்னா 36 கம்பம் வேணும், 400 அடிக்கு ஒண்ணுன்னா 14 போதும். ஒரே டிசைனை நாடு முழுக்க வச்சதால சாமானும் மொத்தமா சல்லிசா கிடைச்சுது. மைலுக்கு 1,000 டாலருக்குக் கீழே செலவு இறங்கிடுச்சு. இப்ப அதே கணக்கை 1,000 டாலர், 3 சதவீதம், 25 வருஷம்னு போட்டுப் பாருங்க. ஒரு வீட்டுக்கு மாசம் சுமார் 1 டாலர் 60 சென்ட். பாதிக்கும் கீழே வந்தாச்சு.

இன்னொரு விஷயம் நம்ம பசங்க கவனிக்கணும். நம்ம ஊர்ல ஒரு பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சு, அதுலேர்ந்து எல்.டி. லைனைத் தெருத்தெருவா இழுப்போம். அங்கே உயர் அழுத்த லைனையே பண்ணை வாசல் வரைக்கும் கொண்டு போய், ஒவ்வொரு வீட்டுக்கும் குட்டியா ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பத்துலயே மாட்டிட்டாங்க. 5 கிலோவாட் லோடை 240 வோல்ட்ல கொண்டு போனா சுமார் 21 ஆம்பியர். 7,200 வோல்ட்ல 0.7 ஆம்பியர். மின்னோட்டம் 30ல ஒரு பங்கு, அதே கம்பியில இழப்பு 900ல ஒரு பங்கு. ஐ ஸ்கொயர் ஆரை எத்தனையோ தடவை எழுதியிருக்கோம், அது ஒரு ஊருக்கே வெளிச்சம் கொண்டு வரும்னு நினைச்சுப் பார்த்திருப்போமா?

லைன் வந்தாலும் ஜனங்க ரெண்டு பல்போட நிறுத்திக்கிட்டா கடன் அடையாது. லோடு வளரணும். அதனால நிர்வாகம் ஊர் ஊரா ஒரு கண்காட்சி கூடாரத்தைக் கூட்டிட்டுப் போச்சு. மின் அடுப்புல சமைச்சுக் காட்டுறது, மோட்டார்ல மாட்டுத் தீவனம் அரைக்கிறது, இஸ்திரி போடுறது எல்லாம் அங்கே நடக்கும். ஜனங்க அதுக்கு "சர்க்கஸ்"னே பேர் வச்சுட்டாங்க. அதுவரைக்கும் பண்ணை வீட்டுப் பெண்கள் கிணத்துத் தண்ணியைக் கையால இறைச்சு, விறகு அடுப்புல இஸ்திரிப் பெட்டியைக் காய வச்சுக்கிட்டு இருந்தவங்க. அவங்களுக்கு பல்பை விட தண்ணி மோட்டார்தான் பெரிய வரம்.

எதிர்ப்பும் இருந்துச்சு. சங்கம் ஆரம்பிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் சில கம்பெனிகள், அதுவரை திரும்பியே பார்க்காத ஊர்ல, வசதியான பண்ணைகளுக்கு மட்டும் வளைஞ்சு வளைஞ்சு லைன் போட்டாங்க. காசு உள்ளவங்க போயிட்டா மிச்ச ஏழைகளை வச்சு சங்கம் நிக்காதே! இதுக்கு "வன்ம லைன்"னே பேர். சங்கங்களோட கொள்கை நேர் எதிர்: தன் பகுதியில கேக்குற எல்லாருக்கும் கொடுத்தாகணும். 1950களோட ஆரம்பத்துல பண்ணைகள்ல சுமார் 90 சதவீதத்துக்கு மின்சாரம் வந்திருந்துச்சு.

சரி, சங்கம்னா உள்ளே எப்படி வேலை செய்யுது? கனெக்‌ஷன் வாங்குற ஒவ்வொருத்தரும் உறுப்பினர். எவ்வளவு யூனிட் எரிச்சாலும் ஒருத்தருக்கு ஒரு ஓட்டு. இயக்குநர் குழுவை அவங்கதான் தேர்ந்தெடுக்கிறாங்க. வருஷக் கடைசியில செலவு போக மிஞ்சுற பணத்தை, அவரவர் கட்டின பில்லோட விகிதத்துல உறுப்பினர் பேர்ல எழுதி வைப்பாங்க. கையில உடனே வராது. கம்பம் மாத்த, சப்ஸ்டேஷன் கட்ட அதைச் சங்கம் முதலா வச்சிருந்து, பல வருஷம் கழிச்சுத் திருப்பித் தரும். 15, 20 வருஷம் ஆகறது சகஜம். தாத்தா கட்டின பில்லுக்குப் பேரனுக்கு செக் வர்றதும் உண்டு.

சங்கத்தோட ஊர் வேலைகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது, தென் கரோலினாவுல பால்மெட்டோ எலக்ட்ரிக் சங்கம் 1989ல ஆரம்பிச்ச "ரவுண்ட் அப்" திட்டம். பில் 86 டாலர் 40 சென்ட்னா 87ஆக் கட்டுவீங்க. அந்த 60 சென்ட் தனி நிதிக்குப் போகும். மாசத்துக்கு அதிகபட்சம் 99 சென்ட், வருஷம் முழுக்க 12 டாலர் கூட ஆகாது. ஆயிரக்கணக்கான வீடுகள் சேர்ந்தா ஒரு வீட்டுக்குக் கூரை போடலாம், ஒருத்தரோட மருத்துவச் செலவைத் தாங்கலாம். யாருக்குக் கொடுக்கணும்னு உள்ளூர்க்காரங்க குழுதான் முடிவு பண்ணும். இப்ப நிறைய மாநிலங்கள்ல இதே மாதிரி நடக்குது.

புயல் அடிச்சா பக்கத்து மாநிலச் சங்கங்கள்லேர்ந்து லைன்மேன்கள் வண்டியோட கிளம்பி வந்துடுவாங்க. இங்கேயும் அந்தப் பழைய டிசைன் கை கொடுக்குது. எல்லா இடத்துலயும் கட்டுமானம் ஒரே மாதிரி, அதனால வந்து இறங்கினவருக்கு அந்தக் கம்பம் புதுசா இருக்காது. ஸ்காலர்ஷிப், பள்ளிப் பிள்ளைகளை வாஷிங்டன் கூட்டிட்டுப் போறது எல்லாமும் இருக்கு. சமீப வருஷங்கள்ல 200க்கும் மேல சங்கங்கள் ஃபைபர் இன்டர்நெட்டுக்குள்ளயும் இறங்கியிருக்கு. காரணம் அதே பழைய கணக்கு. தனியார் கம்பெனிக்கு ஒரு மைலுக்கு 30க்கு மேல வாடிக்கையாளர், சங்கத்துக்குச் சராசரியா 8. மின்சாரம் வராத ஊருக்குத்தான் இன்டர்நெட்டும் வரல.

இதெல்லாம் கேட்டுட்டு சொர்க்கம்னு நினைக்க வேணாம். லாபம் உறுப்பினருக்குன்னா நஷ்டமும் அவங்களுக்குத்தான். 2021 பிப்ரவரியில டெக்சாஸ்ல பனிப்புயல் வந்தப்போ மொத்த மின்சார விலை ஒரு மெகாவாட்-மணிக்கு 9,000 டாலர்னு உச்சவரம்பையே தொட்டு நாள்கணக்கா நின்னுச்சு. விநியோகச் சங்கங்களுக்கு மின்சாரம் வாங்கிக் கொடுக்கிற பிராசோஸ் எலக்ட்ரிக்னு ஒரு பெரிய கூட்டுறவுக்கு அந்தச் சில நாளுக்கு மட்டும் சுமார் 210 கோடி டாலர் பில். மார்ச் 1ஆம் தேதி அது திவால் மனு போட்டுச்சு. பங்குச்சந்தை முதலீட்டாளர் யாரும் இல்ல, சுமை கடைசியில கிராமத்து வீட்டு பில்லுலதான் வந்து உக்காரும்.

ஓட்டுரிமையும் காகிதத்துல இருக்கிற அளவுக்கு நடப்புல இல்ல. நிறைய சங்கங்கள்ல பத்துல ஒருத்தர் கூட ஓட்டுப் போடுறதில்ல. பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்க்க சாப்பாடும் லக்கி டிராவும் வைக்கிறாங்க. யாரும் கேள்வி கேக்காத சங்கத்துல அதே இயக்குநர்கள் வருஷக்கணக்கா உக்காந்திருப்பாங்க. இந்த விஷயத்துல நம்ம ஊர் கூட்டுறவு சொசைட்டிகளைப் பார்த்தவங்களுக்கு ஆச்சரியமே வராது.

இந்த மாதிரி இந்தியாவுக்கும் வந்திருக்கு. 1960களோட கடைசியில அமெரிக்கக் கூட்டுறவு நிபுணர்கள் உதவியோட அஞ்சு இடத்துல சோதனையா ஆரம்பிச்சாங்க: கர்நாடகாவுல ஹுக்கேரி, இப்போதைய தெலங்கானாவுல சிர்சில்லா, மகாராஷ்டிராவுல முளா-பிரவரா, குஜராத்துல கோடினார், உத்தரப் பிரதேசத்துல லக்னோ. அமெரிக்கச் சங்கம் தன் கட்டணத்தைப் பெரும்பாலும் தானே முடிவு பண்ணும். இங்கே வாங்குற விலையும் விக்கிற விலையும் ரெண்டுமே சங்கத்தோட கையில இல்ல. நடுவுல விவசாய பம்புசெட்டுக்கு மானியக் கட்டணம். அரசு மானியம் தாமதமானா அந்த ஓட்டையைச் சங்கம்தான் அடைக்கணும். முளா-பிரவராவோட விநியோகத்தை 2011ல மாநிலக் கம்பெனி எடுத்துக்கிச்சு. ஹுக்கேரி இன்னும் ஓடுது. விசைத்தறி ஊரான சிர்சில்லாவுல 1970ல ஆரம்பிச்ச சங்கமும் அப்படியே ஓடுது. அங்கே தறி ஓட்டுறவங்களுக்கு வர்ற கரண்ட் பில்லுல இப்பவும் அந்தச் சங்கத்தோட பேர்தான் இருக்கு.