நீச்சல் கற்பித்த பள்ளி ஆசிரியர்கள்

கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் கணக்கு எடுக்கிறார். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில் தமிழாசிரியர் கபடி அணியை வட்டாரப் போட்டிக்கு அழைத்துச் செல்கிறார். சாரணர் இயக்கம், பசுமைப் படை, செஞ்சிலுவைச் சங்கம் என்று பொறுப்புகள் நம் கைக்கு வரும்போது, "இது என் பாடம் இல்லையே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?" என்று நாம் எல்லோருமே தயங்கியிருக்கிறோம். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டுமா என்பதற்கு நீச்சல் உலகத்திலிருந்து மூன்று ஆசிரியர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூவருமே பள்ளியில் பணிபுரிந்தவர்கள். மூவரும் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து நீச்சல் குழு நடத்தியவர்கள். ஆனால் அவர்களுடைய பின்னணி ஒன்றுபோல் இல்லை.

வாய்க்காலில் தொடங்கிய குழு

ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் மாவி என்றொரு தீவு உண்டு. அங்கே கரும்புத் தோட்டத் தொழிலாளர்களாக ஜப்பானிலிருந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 1906இல் அந்தத் தீவில் பிறந்த சோய்ச்சி சகமோட்டோ, புவுனேனே என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பித்தார். தோட்டத்துப் பிள்ளைகள் பாசன வாய்க்காலில் இறங்கி விளையாடுவார்கள், காவலர்கள் விரட்டுவார்கள். "நான் உடனிருந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பேற்றார் சகமோட்டோ. அவருக்கு நன்றாக நீந்தத் தெரியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

அவரிடம் இருந்தது அறிவியல் ஆசிரியரின் கண். ஓடும் நீரை எதிர்த்து நீந்தும் பிள்ளைக்குக் கையும் காலும் வலுப்பெறுவதைக் கவனித்தார். கொஞ்ச தூரம் கடும் முயற்சி, பிறகு சற்று ஓய்வு, மீண்டும் முயற்சி என்று பயிற்சியைப் பகுத்தார். கையை எப்படி இழுத்தால் நீர் குறைவாகச் சிதறுகிறது, உடல் எப்படிக் கிடந்தால் வேகம் கூடுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்.

1937இல் அவர் ஒரு குழுவைத் தொடங்கி அதற்கு 'மூன்றாண்டு நீச்சல் குழு' என்று பெயரிட்டார். 1940 ஒலிம்பிக் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதே இலக்கு. வாய்க்காலில் நீந்தும் கூலித் தொழிலாளர் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 1939, 1940, 1941 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்க தேசிய நீச்சல் போட்டியில் ஆடவர் அணிப் பட்டத்தை அந்தப் பிள்ளைகள் வென்றார்கள்.

ஆனால் ஒலிம்பிக் நடக்கவில்லை. டோக்கியோவுக்கு ஒதுக்கப்பட்டு, பிறகு ஹெல்சிங்கிக்கு மாற்றப்பட்டு, போரினால் கைவிடப்பட்டது. மூன்றாண்டு உழைத்த பிள்ளைகளுக்குப் போட்டியே இல்லை. எனினும் உழைப்பு வீணாகவில்லை. அவரிடம் பயின்ற கீயோ நகாமா, ஹேலோ ஹிரோசே, பில் ஸ்மித் மூவரும் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாய்ப்பைப் பெற்றார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பில் ஸ்மித் 400 மீட்டர் போட்டியிலும் தொடர் நீச்சலிலும் தங்கம் வென்றார். நகாமா பின்னாளில் ஹவாய் சட்டமன்ற உறுப்பினர் ஆனார்.

கணக்கு வாத்தியாரின் குழு

இரண்டாமவர் ஜிம் எல்லிஸ். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பொதுப் பள்ளிகளில் கணிதம் கற்பித்தவர். கல்லூரி நாளில் நீச்சல் வீரர். 1971இல் அந்த நகரின் பொழுதுபோக்குத் துறையின் பெயரில், எளிய கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு நீச்சல் குழுவைத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் கறுப்பின மக்களைப் பொது நீச்சல் குளங்களில் அனுமதிக்காமல் ஒதுக்கிவைத்த நாடு அது. அதனால் நீச்சலே தெரியாத தலைமுறைகள் உருவாகி, "இவர்களுக்கு நீச்சல் வராது" என்ற பொய்யும் கூடவே பரவியிருந்தது. எல்லிஸின் பிள்ளைகள் ஒலிம்பிக் தகுதிச் சுற்று வரை சென்று அந்தப் பொய்யை உடைத்தார்கள். 2007இல் வெளியான 'பிரைட்' என்னும் திரைப்படம் இவருடைய கதையைத் தழுவியது.

மூன்றாமவர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ். கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா ஊரில் உயர்நிலைப் பள்ளி நீச்சல் பயிற்றுநர். 1951இல் அவர் தொடங்கிய ஊர்க் குழுவில்தான், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற டான் ஷோலண்டர் பயின்றார். 1972இல் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸும் பதின்பருவத்தில் அங்கே பயின்றவரே.

பின்னணியை எப்படிப் படிப்பது?

ஒருவருடைய பின்னணியைச் சான்றிதழ் பட்டியலாக மட்டும் பார்ப்பது நம் வழக்கம். நான் மாணவர்களிடம் இந்த மூவரைப் பற்றிப் பேசும்போது கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதுவேன். இவரிடம் ஏற்கெனவே இருந்தது என்ன? இல்லாதது என்ன? இல்லாததை எதைக்கொண்டு ஈடுசெய்தார்? ஹெய்ன்ஸிடம் விளையாட்டுப் பயிற்சி அனுபவம் இருந்தது. எல்லிஸிடம் நீச்சல் இருந்தது. ஆனால் சமூகம் அவருடைய பிள்ளைகளை நம்பவில்லை. சகமோட்டோவிடம் நீச்சலே இல்லை; கூர்ந்து நோக்குவதும் விடாமல் உடனிருப்பதும் இருந்தன. மூவருக்கும் பொதுவான ஒன்றும் உண்டு: அவர்கள் தினமும் பிள்ளைகளோடு இருந்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி "அப்போ தெரியாதவங்களும் சொல்லிக்கொடுக்கலாமா சார்?" என்று கேட்டாள். தெரியாமலே இருந்துகொண்டு சொல்லிக்கொடுக்க முடியாது. தெரிந்துகொண்டே சொல்லிக்கொடுக்கலாம் என்றேன்.

வகுப்பறைக்கு ஒரு கணக்கு

சகமோட்டோவின் வாய்க்கால் நல்லதொரு கணக்குப் பாடம். அசையாத நீரில் ஒரு சிறுவன் வினாடிக்கு 1 மீட்டர் நீந்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் போய்த் திரும்ப அவனுக்கு 100 வினாடி ஆகும். வாய்க்கால் நீர் வினாடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் ஓடினால்?

கணக்கிடும் முன் ஊகிக்கச் சொல்லுங்கள். "போகும்போது நட்டம், வரும்போது லாபம், அதே 100தான்" என்று பெரும்பாலோர் சொல்வார்கள். இனிக் கணக்கிடட்டும். எதிர்த்து நீந்தும் வேகம் 0.6, நேரம் ஏறத்தாழ 83 வினாடி. ஓட்டத்தோடு வரும் வேகம் 1.4, நேரம் ஏறத்தாழ 36 வினாடி. மொத்தம் 119. எதிர்நீச்சலில் அவன் அதிக நேரம் இருப்பதால், இழந்தது முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. ஓட்டம் வினாடிக்கு 1.2 மீட்டர் ஆனால் என்ன ஆகும்? எதிர்த்து நீந்தும் வேகம் மைனஸ் 0.2. முழு பலத்தோடு நீந்தினாலும் அவன் பின்னோக்கியே போவான். கணக்கு முடிந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். மழைக்கால ஆற்றில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது அந்தக் கழித்தல் குறியில் இருக்கிறது. ஓட்டத்தை எதிர்த்துச் சோர்ந்துபோகாமல், மிதந்தபடி சாய்வாகக் கரையை நோக்கி வர வேண்டும் என்று அப்போது சொன்னால் மனத்தில் நிற்கும்.

நமக்கான எல்லை

சகமோட்டோவின் கதையைப் படித்துவிட்டு மாணவர்களை ஏரிக்கோ கல்குவாரிக்கோ அழைத்துச் சென்றுவிடக் கூடாது. நீச்சல் பயிற்சிக்கு உயிர்காக்கும் பயிற்சி பெற்றவர் உடனிருக்க வேண்டும். பெற்றோர் ஒப்புதலும் தலைமை ஆசிரியர் அனுமதியும் வேண்டும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளம் அருகில் இருந்தால் அங்கு நடக்கும் பயிற்சிகளை விசாரித்துப் பெற்றோரிடம் சொல்லலாம்.

குளமே இல்லாத ஊரிலும் வகுப்பறைக்குள் செய்யக்கூடியது உண்டு. மூழ்குபவரைக் காப்பாற்றக் குதித்து, உடன் மூழ்கும் பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை விடுமுறை தோறும் படிக்கிறோம். "குதிக்காதே, கத்திக் கூப்பிடு, கயிறோ, வேட்டியோ, துப்பட்டாவோ, மூடிய காலிக் குடமோ வீசு, 108ஐ அழை" என்பதை நாடகமாக நடிக்க வைக்கலாம். வராந்தாவில் இரு கோடு போட்டால் ஆறு ஆகிவிடும். ஒரு பாட வேளை போதும்.

கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம் இதற்கு ஏற்ற காலம். உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள நீர்நிலைகளின் பட்டியலை மாணவர்களைக் கொண்டே தயாரியுங்கள். எது ஆழம், எங்கே சேறு, எங்கே சுழல் என்பது அவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். இதற்கு நாம் நீச்சல் வீரராக இருக்க வேண்டியதில்லை.